காலி நிலம் என்று யார் சொன்னது?

(ஊரிகத்தில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, லைன்களிலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, சுரங்கத்தில் உழைத்து ஓய்ந்த பெரியவர்களே, பெங்களூர் வேலை முடிந்து மாரிகுப்பம் வண்டியை விட்டு இறங்கி, வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்து நிற்கும் தம்பி, தங்கைகளே!

குடியிருக்கும் இடத்தைக் காப்பாற்றுவதில் பாடகனுக்கும் கூத்துக்காரனுக்கும் ஓவியனுக்கும் என்ன வேலை? இதுதான் இன்று நாங்கள் பேச எடுத்துக்கொண்ட பொருள். "கையில் வீட்டுப் பத்திரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, இந்த நேரத்தில் பாட்டும் கூத்தும் எதற்கு?" என்று சிலர் நினைக்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் சொல்லாமல் நாங்கள் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.

ஏழை குடியிருக்கும் நிலத்தைப் பறிக்க முதலில் புல்டோசர் வருவதில்லை. முதலில் ஒரு சொல் வருகிறது. அந்தச் சொல்லுக்கு ஊர் பதில் சொல்லாமல் வாய்மூடி இருந்துவிட்டால், பின்னால் வரும் புல்டோசருக்கு வேலை சுலபம். ஊரைப் பேச வைப்பதும், அந்தப் பேச்சை ஊர் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோவதும் கலைஞனின் வேலை. இதைத்தான் நாங்கள் உங்கள் முன் வைக்க வந்திருக்கிறோம்.

சொல் என்னும் கடப்பாரை

'புறம்போக்கு' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மேய்ச்சல் தரை, ஏரி, வாய்க்கால், பாதை, சுடுகாடு என்று ஊருக்கே பொதுவான நிலத்துக்குப் பெயர் புறம்போக்கு. யாரும் தனியாக உழுது வரி கட்டாத நிலம். வரி வராத நிலம் சர்க்கார் கணக்கில் பயன் இல்லாத நிலம் ஆயிற்று. நாளடைவில் அந்தச் சொல்லே வசவாகிவிட்டது. இன்று ஒருவனைப் "போடா புறம்போக்கு" என்றால் அவன் அடிக்க வருகிறான். ஊருக்குச் சொந்தமானது என்ற பொருள் எங்கே, உதவாக்கரை என்ற பொருள் எங்கே! இந்தச் சொல்லை வைத்துத்தான் 2017 ஜனவரியில் எண்ணூர்க் கழிமுகத்துக்காக ஒரு பாட்டு வந்தது. காபேர் வாசுகி எழுதினார், கர்நாடக இசைக் கலைஞர் டி. எம். கிருஷ்ணா பாடினார். சபாவில் பாடுகிறவர் சாம்பல் படிந்த கழிமுகத்தில் நின்று பாடியதும், அதுவரை எண்ணூர் எங்கே என்று கேட்காதவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

நம் ஊருக்கும் அப்படிச் சில சொற்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. 'உபரி நிலம்' என்கிறார்கள். 'காலி இடம்' என்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் 'செத்துப்போன ஊர்', 'பேய் நகரம்' என்று எழுதுகிறார்கள். ரயில்வேயில் டிக்கெட் கொடுக்கும் எங்களுக்கு இதைப் படித்தால் சிரிப்பதா, அழுவதா என்று தெரியவில்லை. விடியுமுன் கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிகுப்பம் ஸ்டேஷன்களில் சீசன் டிக்கெட்டோடு நிற்கிறார்களே ஆணும் பெண்ணும், அவர்கள் பேய்களா? போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் நின்றபடி போய், பெங்களூரின் கட்டடங்களைக் கட்டி, பெருக்கி, காவல் காத்து, துணி தைத்துத் திரும்புகிறவர்கள் குடியிருக்கும் ஊர் காலி இடமா?

சினிமாவும் வந்தது. 2018-லும் 2022-லும் நம் ஊர்ப் பெயரையே தலைப்பாக வைத்து வந்த கன்னடப் படம் இந்தியா முழுக்க ஓடியது. நம் சயனைட் மேட்டில் படம் எடுத்தார்கள். 2024-ல் பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' வந்தது. அது நம் முன்னோர் வடஆற்காட்டிலிருந்து வந்த கதையைத் தொட்டது. சினிமாக்காரர் அவர் வேலையைச் செய்கிறார், குறை சொல்லவில்லை. ஆனால் இன்றைக்கு நாட்டில் கே.ஜி.எஃப். என்றால் துப்பாக்கியும் தாடியும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. நம் வீட்டுப் பாட்டி எந்த லைனில் எத்தனை பிள்ளை பெற்றாள், தாத்தா எந்த ஷாஃப்டில் இறங்கினார் என்பதை நாம்தான் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் பிறர் கட்டிய கதையே நம் கதையாகிவிடும்.

நாம் எப்போது வந்தவர்கள்?

"நீங்கள் வெளியூர்க்காரர்கள்" என்று யாராவது சொன்னால், கோபப்படாமல் கணக்கைச் சொல்லுங்கள். ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது 1880. பௌரிங்பேட்டையிலிருந்து, அதாவது இன்றைய பங்காருபேட்டையிலிருந்து, இந்த ரயில் பாதை வந்தது 1894. மொழிவாரி மாநிலம் பிறந்தது 1956. மாநில எல்லைக் கோடு போடுவதற்கு இரண்டு தலைமுறை முன்பே வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் இங்கே பூமிக்குள் இறங்கிவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஊரில் ஒரு குழி நிலம் இல்லாத தாழ்த்தப்பட்ட மக்கள். பண்ணையார் வீட்டு வாசலில் கைகட்டி நிற்பதைவிடப் பாறைக்குள் போவது மேல் என்று வந்தவர்கள்.

1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து இங்கே மின்சாரம் வந்தது. பெங்களூருக்கு விளக்கு எரிவதற்கு முன்னால் வந்தது. எதற்கு? யந்திரத்துக்கும் துரைமார் பங்களாவுக்கும். அவர்கள் இந்த ஊரைச் 'சின்ன இங்கிலாந்து' என்று கொண்டாடினார்கள். நம் ஆட்களோ மூங்கில் தட்டி வீட்டில் கிடந்தார்கள். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கும் அதிக ஆழம். பாறை வெடித்துச் செத்தவர்கள் எத்தனை பேர்! தூசி நுரையீரலில் ஏறி வீட்டில் இருமி இருமிச் செத்தவர்கள் எத்தனை பேர்! நூற்றிருபது ஆண்டில் சுமார் 800 டன் தங்கம் வெளியே போயிற்று. 1956-ல் மைசூர் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1962-ல் மத்திய சர்க்காரிடம் போயிற்று. 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆயிற்று. 2001 பிப்ரவரி முடிவோடு மூடினார்கள். தங்கம் போன இடம் தெரியவில்லை. மிச்சம் நமக்கு இருப்பது இந்த லைன் வீடும், காற்று அடித்தால் சோற்றில் விழும் சயனைட் மண்ணும்தான்.

இப்போது அந்த மண்ணுக்கும் மதிப்பு வந்துவிட்டது. 13 மேடுகள், சுமார் 1,003 ஏக்கர். அதைத் தோண்டி மிச்சத் தங்கத்தை எடுக்கும் மத்திய சர்க்கார் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக மந்திரிசபை சம்மதம் தெரிவித்தது. சுரங்கக் கம்பெனி நிலத்தில் மூவாயிரம் ஏக்கருக்கு மேல் எடுத்துத் தொழில் நகரம் அமைக்கும் பேச்சும் சில வருஷமாக நடக்கிறது. பெங்களூர்–சென்னை விரைவுச் சாலையில் ஹோஸ்கோட்டையிலிருந்து பேத்தமங்கலம் பக்கம் வரை 71 கிலோமீட்டர் 2024 டிசம்பரிலேயே வண்டிகளுக்குத் திறந்தாயிற்று. மேடு, நிலம், சாலை மூன்றையும் சேர்த்து ஒரே பார்வையில் பாருங்கள். பெங்களூரிலிருந்து பணம் நம்மை நோக்கிப் புறப்பட்டுவிட்டது.

தொழில் வரட்டும். யார் வேண்டாம் என்றது? விடியுமுன் வீட்டை விட்டுப் போய் இரவில் திரும்பும் பிள்ளைக்கு ஊரிலேயே வேலை கிடைத்தால் பெற்றவள் வயிறு குளிராதா? நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: அந்த வேலை வரும் நாளில் நாம் இந்த ஊரில் இருப்போமா?

பணம் குடியேறும் விதம்

உலகத்தில் இது புதிது அல்ல. 1964-ல் ரூத் கிளாஸ் என்ற அம்மையார் லண்டனைப் பற்றி எழுதும்போது இதற்கு ஒரு பெயர் வைத்தார். ஜென்ட்ரிஃபிகேஷன் என்று இன்று உலகமெங்கும் சொல்கிறார்கள். நம் மொழியில் சொன்னால், பணக்காரன் குடியேறி ஏழையைக் கிளப்புவது. தொழிலாளிகள் குடியிருந்த தெருவில் வசதியுள்ளவர் ஒருவர் பழைய வீட்டை வாங்கிப் புதுப்பிக்கிறார். பிறகு இன்னொருவர். வாடகை ஏறுகிறது. பெட்டிக்கடை போய்ப் பெரிய கடை வருகிறது. யாரும் யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. ஆனால் பத்து வருஷம் கழித்துப் பார்த்தால் பழைய ஆள் ஒருவரும் இல்லை.

நம் ரயில் பாதையிலேயே பாடம் இருக்கிறது. ஒயிட்ஃபீல்டு 1882-ல் ஆங்கிலோ-இந்தியர்களுக்காக உண்டான குடியிருப்பு. தோட்டமும் ஓட்டு வீடுமாக இருந்த இடம். இன்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் கண்ணாடிக் கட்டடம் தவிர வேறு என்ன தெரிகிறது? அங்கே இறங்கும் நம் பெண்கள் தரை துடைக்கப் போகிறார்கள். குடியிருக்கப் போகவில்லை.

அது மெதுவாகக் கொல்லும் வழி. வேகமான வழியும் உண்டு. பெங்களூர் ஈஜிபுரத்தில் நலிந்த பிரிவினருக்காகக் கட்டிய அடுக்கு வீடுகள் இருந்தன. கட்டிய லட்சணம், 2007-ல் ஒரு பகுதி இடிந்தே விழுந்தது. சுற்றிலும் கோரமங்கலா வளர்ந்து நிலம் பொன்னாயிற்று. பதினைந்து ஏக்கருக்கு மேற்பட்ட அந்த இடத்தில் தனியார் கூட்டோடு வீடும் வணிக வளாகமும் கட்டுவதென்று முடிவாயிற்று. 2013 ஜனவரியில், பனியில், சுமார் 1,500 குடும்பங்களின் கூடாரங்களை இடித்துத் தள்ளினார்கள். அவர்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பலரைச் சர்ஜாபுரம் சாலைப் பக்கம் சூலிகுண்டேவுக்கு அனுப்பினார்கள். வீட்டு வேலை செய்த வீடு ஒரு மூலை, குடியிருப்பு ஒரு மூலை.

தாராவியைப் பாருங்கள். திருநெல்வேலிச் சீமையிலிருந்து போன நம்மவர்கள் சேற்றுநிலத்தை மேடாக்கி உண்டாக்கிய ஊர். அதைப் புதிதாகக் கட்டும் பொறுப்பு 2022 நவம்பர் ஏலத்தில் அதானி குழுமத்துக்குப் போயிற்று. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்கு ஆதாரம் காட்டுபவருக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி இலவச வீடு. பிறகு வந்தவருக்கும் மாடியில் இருப்பவருக்கும் வேறு கணக்கு, வேறு இடம். கவனியுங்கள் தாய்மார்களே! ஒரே படியில் ஏறி இறங்கியவர்களை ஒரு தேதியும் ஒரு காகிதமும் இரண்டாகப் பிரிக்கின்றன.

கலைஞன் எந்தப் பக்கம்?

இனி கலைக்கு வருவோம். கலை என்றாலே ஏழையின் பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். பணம் வருவதற்கு முன் வழி பார்த்துக் கொடுப்பதும் சில இடங்களில் கலையாகவே இருந்திருக்கிறது. நியூயார்க்கில் காலியான தொழிற்சாலைகளில் ஓவியர்கள் குறைந்த வாடகைக்குக் குடியேறினார்கள். இடம் பிரபலமாயிற்று. பணக்காரர்கள் வந்தார்கள். கடைசியில் ஓவியர்களாலேயே அங்கே இருக்க முடியவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸில் பாயில் ஹைட்ஸ் என்ற இடம் மெக்சிகோவிலிருந்து வந்த தொழிலாளிகள் நிறைந்தது, நம்மைப் போலப் பிழைக்கப் போனவர்கள். அங்கே 2016 முதல் ஓவியக் கூடங்கள் முளைத்தபோது மக்கள் வாசலில் நின்று மறித்தார்கள். "உங்கள் படத்துக்குப் பின்னால் எங்கள் வீட்டு வாடகை ஏறும்" என்பதுதான் அவர்கள் வாதம். 2017-ல் ஒரு கூடம் மூடிக்கொண்டே போயிற்று.

சென்னையைப் பார்ப்போம். நகரத்தின் நடுவில் இருந்த ஏழைகளைத் தென்கோடிக்குக் கொண்டுபோய்க் கண்ணகி நகரில் பதினைந்தாயிரத்துக்கு மேல், பெரும்பாக்கத்தில் இருபதாயிரத்துக்கு மேல் அடுக்கு வீடுகளில் நிறுத்தினார்கள். 2019 டிசம்பர் முடிவில், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட வருஷம் பாதி நடக்கும்போதே, கூவம் கரையின் சத்தியவாணி முத்து நகரை இடித்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். 2020-ல் கண்ணகி நகர்ச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வந்தன. அழகான ஓவியங்கள். பிள்ளைகளுக்குச் சந்தோஷம். 'கண்ணகி நகரா?' என்று முகம் சுளித்தவர்களும் வந்து பார்த்தார்கள். அதை மறுக்கவில்லை. ஆனால் ஏன் இங்கே கொண்டுவந்து போட்டார்கள், வேலைக்குப் போக எத்தனை பஸ் மாற வேண்டும் என்ற கேள்வியைச் சுவரில் பூசிய சாயம் கேட்குமா? அதைக் குடியிருப்பவள் வாய்தான் கேட்க வேண்டும்.

அதே சென்னையில் இன்னொரு முயற்சி. பெசன்ட் நகர்க் கடற்கரைக்குப் பக்கத்தில் ஊரூர் குப்பம், ஆல்காட் குப்பம் என்று இரண்டு மீனவர் ஊர்கள். ஒரு பக்கம் கோடீசுவரர் குடியிருப்பு, மறுபக்கம் கடல். கலங்கரை விளக்கத்திலிருந்து கொட்டிவாக்கம் வரை கடலோரமாக மேம்பாலச் சாலை போடும் திட்டம் வந்து மீனவர் எதிர்த்த இடம். 2015 ஜனவரியில் டி. எம். கிருஷ்ணா, சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் நித்தியானந்த் ஜெயராமன் முதலியோரும் குப்பத்து மக்களும் சேர்ந்து அங்கே ஒரு விழா எடுத்தார்கள். கோவில் முன் மணலில் பறையும் கர்நாடக சங்கீதமும் பரதமும் ஒரே மேடையில். டிக்கெட் இல்லை, முன்வரிசை நாற்காலி ஒதுக்கீடு இல்லை. பிறகு அது 'சென்னைக் கலைத் தெரு விழா' என்று வளர்ந்தது.

"மீனவனுக்குச் சங்கீதம் கேட்கவில்லை என்று யார் அழுதார்கள்?" என்று அப்போதே சிலர் கேட்டார்கள். நல்ல கேள்வி. விழாவின் பயன் சங்கீதத்தில் இல்லை என்பதுதான் எங்கள் கருத்து. ஐந்து நிமிஷ நடை தூரத்தில் இருந்தும் ஒருநாளும் குப்பத்துக்குள் கால் வைக்காதவர்கள் உள்ளே வந்தார்கள். வந்தவர்கள் விருந்தாளி, வரவேற்றவர்கள் வீட்டுக்காரர். 'ஆக்கிரமிப்பு' என்று தூரத்திலிருந்து பார்த்தது பக்கத்தில் வந்தால் ஊராகத் தெரிகிறது. மீனவ இளைஞர்கள் அதோடு நிற்கவில்லை. வலை உலர்த்தும் இடம், படகு ஏற்றும் இடம், ஆற்று முகம் எல்லாவற்றையும் பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு வரைபடமாக்கினார்கள். 2011 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையின் கீழ் சர்க்கார் போடும் வரைபடத்தில் ஊரை விட்டுவிட்டால், "இதோ எங்கள் படம்" என்று எடுத்து வைக்கலாம் அல்லவா? பேச்சு பாட்டாயிற்று, பேச்சு படமும் ஆயிற்று.

வடசென்னைக்கு வாருங்கள். 2018 ஜனவரியில் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் உண்டாக்கிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' என்ற இசைக்குழு கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை ஏறியது. சாவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கிய கானாவும் பறையும் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றன. அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அயோத்திதாசப் பண்டிதர் சொன்ன 'சாதியில்லாத தமிழர்' என்ற வழக்கிலிருந்து. அதே 2018-ல் தாராவியைக் களமாக வைத்து வந்த 'காலா' படத்தின் பாட்டுகளில் தாராவி இளைஞர்களின் டோப்அடெலிக்ஸ் குழுவே பாடியது. நம் பிள்ளைகள் செல்போனில் கேட்கும் ராப் பாட்டு, நிலத்தைப் பற்றியும் பேசும் என்று அன்று தெரிந்தது.

இந்த ஊருக்கு இது புதிதல்ல

அயோத்திதாசர் பெயரைச் சொன்னதும் பெரியவர்கள் சிலர் தலை நிமிர்ந்ததைப் பார்த்தோம். அவர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'தமிழன்' ஏடு, அவர் 1914-ல் மறைந்த பிற்பாடு, 1926 முதல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு எங்கிருந்து வெளிவந்தது? இதே தங்கவயலிலிருந்து. பண்டிதரின் நூல்களை அச்சிட்ட சித்தார்த்தா புத்தகசாலை இருந்தது சாம்பியன் ரீஃபில். ஷிப்டு முடிந்து வந்து, படிக்கத் தெரிந்தவர் படிக்க, தெரியாதவர் கேட்க, கேட்டவர் எதிர்க்கேள்வி போட வளர்ந்த ஊர் இது.

1930-ல் கம்பெனி தொழிலாளர்களின் கைரேகையைப் பதிய வேண்டும் என்றது. "நாங்கள் என்ன திருடர்களா?" என்று கேட்டுச் சுரங்கத்தை நிறுத்தினார்கள். பதிவு பெற்ற சங்கம் இல்லாத காலம். நோட்டீசு அச்சடித்தால் படிக்கிறவர் கொஞ்சம். பிறகு எப்படி ஆயிரக்கணக்கானவர் ஒரே முடிவுக்கு வந்திருக்க முடியும்? லைன் லைனாகப் பேசியிருந்தால்தான் முடியும். வாசல் பேச்சும் குழாயடிப் பேச்சும் சாதாரணமென்று எண்ணாதீர்கள். அதுதான் நம் முதல் சங்கம்.

இன்று அந்தப் பேச்சு நின்றுவிட்டது. வண்டிக்கு ஓடுகிறோம், வந்து படுக்கிறோம். பக்கத்து வீட்டில் யார் குடிவந்தார் என்று தெரியவில்லை. ஊர் பேசாமல் இருப்பதுதான் புரோக்கருக்கு வசதி. ஒவ்வொரு கதவாகத் தனித்தனியாகத் தட்டுவான். "பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்துவிட்டார், நீங்கள்தான் பாக்கி" என்பான். பக்கத்து வீட்டில் போய்க் கேட்டால்தானே அது பொய்யா மெய்யா என்று தெரியும்?

எப்படிச் செய்வது?

சங்கம் யோசித்திருப்பதைச் சொல்கிறோம். குறை இருந்தால் எழுந்து சொல்லுங்கள்.

முதலாவது, லைனுக்கு ஒரு நாள் உட்கார்ந்து பேசுவது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், லைன் நடுவிலேயே. மேடை வேண்டாம், மைக் வேண்டாம், மாலை வேண்டாம். முதலில் பெண்கள் பேச வேண்டும். வீட்டில் பகல் முழுக்க இருப்பவர்களுக்குத்தான் யார் வந்து அளந்தார், யார் படம் பிடித்தார் என்று தெரியும். பேசுவதை நம் படித்த பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். எந்த வருஷம் குடிவந்தது, சுரங்கத்தில் யார் வேலை செய்தது, கையில் என்ன காகிதம் இருக்கிறது என்று வீட்டுக்கு ஒரு பக்கம். தாராவிக் கதையைச் சொன்னோமே, தேதியும் காகிதமும் எவ்வளவு பெரிய ஆயுதம் என்று! பழைய டோக்கன், சம்பளச் சீட்டு, ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று எதையும் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, நாடகம். பிரேசில் நாட்டு அகஸ்டோ போல் என்பவர் 1970-களில் ஒரு முறையை வளர்த்தார். மேற்கு வங்காளத்தில் 1985-லிருந்து ஜன சம்ஸ்கிருதி என்ற குழு அதைக் கிராமம் கிராமமாக நடத்தியது. நாடகம் பாதியில் நிற்கும். பார்க்கிறவர் எழுந்து வந்து, 'இந்த இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன்' என்று நடித்துக் காட்டுவார். நம் பிள்ளைகள் இப்படி ஒரு காட்சி போடட்டும்: சுரங்கத் தொழிலாளியின் விதவை தனியாக இருக்கிறாள். புரோக்கர் ரொக்கத்தோடு வருகிறான். மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறாள். காகிதத்தில் கையெழுத்துக் கேட்கிறான். அங்கே நாடகம் நிற்கட்டும். "அம்மா, நீங்கள் வந்து பேசுங்கள்" என்று கூட்டத்தைக் கூப்பிடட்டும். ஒருத்தி 'விரட்டுவேன்' என்பாள். இன்னொருத்தி 'கல்யாணக் கடனை நீ அடைப்பாயா?' என்று கேட்பாள். அந்தக் கேள்வி எழ வேண்டும். அதற்குப் பதிலாகச் சீட்டோ, கைமாற்றோ, சங்க நிதியோ ஊர் யோசிக்க வேண்டும். வெறும் வீரவசனம் யாருக்கும் சோறு போடாது.

மூன்றாவது, படம். கோவில், சர்ச்சு, மசூதி, புத்த விகாரை, கல்லறை, பந்து ஆடும் மைதானம், குழாயடி, மூடிய ஷாஃப்டு, சங்கக் கட்டடம் எல்லாவற்றையும் குறித்து ஊரிகத்தின் பெரிய வரைபடம் ஒன்றைத் துணியில் தீட்ட வேண்டும். கட்சிப் பானரும் கடைப் பெயரும் எழுதிக்கொண்டிருந்து, கம்ப்யூட்டர் பிரிண்டு வந்ததும் வேலை போன பெயிண்டர்கள் நம் லைன்களில் இருக்கிறார்கள். அவர்கள் கைக்கு இதைவிடத் தகுந்த வேலை ஏது? அதைத் தூக்கிக்கொண்டு தாசில்தார் ஆபீசுக்குப் போவோம். 'காலி இடம்' எங்கே என்று அதில் விரல் வைத்துக் காட்டச் சொல்வோம்.

நான்காவது, பாட்டு. லைன் பேச்சில் வந்த சொற்களையே எடுத்துக் கானா பாடுகிறவனும் கோவில் கோஷ்டியும் சர்ச்சுப் பாடகர்களும் மெட்டுக் கட்டட்டும். ஒரு நிபந்தனை: முதலில் அந்த லைனில் பாடிக் காட்டி, அவர்கள் 'சரி' என்ற பிறகே வெளியே போக வேண்டும். வெளியூரிலிருந்து காமிராவோடு வருகிறவர்களுக்கும் இதே விதி.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இந்தப் பேச்சில் வாடகைக்கு இருப்பவனை விட்டுவிடக் கூடாது. கன்னடம், தெலுங்கு, உருது பேசும் அண்டை வீட்டாரை விட்டுவிடக் கூடாது. 'நாங்கள் சுரங்கக் குடும்பம், நீ நேற்று வந்தவன்' என்று நாமே பேசினால், நம்மை வெளியூர்க்காரன் என்பவனுக்கு நாமே பாடம் எடுத்துக் கொடுத்ததாகும். கன்னடத்திலும் நாடகம் போடுவோம். புல்டோசருக்கு மொழி தெரியாது.

இதனால் எல்லாம் வென்றுவிடுவோம் என்று நாங்கள் ஆசை காட்டவில்லை. ஈஜிபுரத்திலும் மக்கள் பேசத்தான் செய்தார்கள், போராடத்தான் செய்தார்கள். வழக்கும் வேண்டும், மனுவும் வேண்டும், தேர்தலில் கேள்வியும் வேண்டும். ஆனால் தன் கதையைத் தானே சொல்லத் தெரிந்த ஊரை ஓசையில்லாமல் அழிக்க முடியாது. கலைஞன் தரக்கூடியது அந்த ஓசை. அதை வாங்கிக்கொள்வது நம் கடமை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை முதல் கூட்டம். எந்த லைனில் என்பதை இன்றே, இங்கேயே, நீங்கள் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பாய் கொண்டு வாருங்கள். பழைய காகிதங்களைக் கொண்டு வாருங்கள். பாட்டிமார்களைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். நாங்கள் நோட்டும் பேனாவும் கொண்டு வருகிறோம்.